தெக்குவளவுச் சீர்

சென்னியம்மாளின் காதுபடப் 'பயனாளி' என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குக் காபி கிடைக்காது. பெரிய கம்பெனியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தவரானாலும் சரி, அரசாங்க அதிகாரியானாலும் சரி. "அவங்களுக்குப் பேரு இருக்குதுங்க. பேரச் சொல்லுங்க" என்பாள். குரல் உயராது. ஆனால் எதிரே இருப்பவருக்கு நாற்காலி சுடும்.

சேந்தமங்கலம் ரோட்டோரம், ஒரு காலத்தில் முட்டை அடுக்கி வைத்த அறையில்தான் அவளுடைய 'புதுவாசல்' அறக்கட்டளை நடக்கிறது. அந்தப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் ஆளைத் தனியாக எடுப்பதில்லை. புருசன் பெண்டாட்டி இருவரையும் ஜோடியாகத்தான் எடுப்பார்கள். பண்ணைக்குள்ளேயே லைன் வீடு ஒன்றைக் கொடுப்பார்கள். புருசனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் பெண்டாட்டிக்கும் வேலை போச்சு, வேலையோடு வீடும் போச்சு, வீட்டோடு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போச்சு. தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த பண்ணையைத் தேடி நடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு மனை, அதில் ஒரு வீடு, யாருடைய பண்ணைக் கேட்டையும் நம்பாத ஒரு பிழைப்பு, இவையெல்லாம் அமைகிறவரை கூடவே நிற்பது புதுவாசலின் வேலை. தாலுக்கா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நிற்பதும், பாங்கியில் சண்டை போடுவதும், ஆட்டுக்குட்டிக்கு ஊசி போடக் கூட்டிப்போவதும் அந்த 'நிற்பதில்' அடக்கம்.

இந்த வேலையில் அவளை இழுத்துவிட்டது மாரியாயி. சென்னியம்மாளும் அவள் புருசன் வெள்ளியங்கிரியும் அப்போது சொந்தமாகப் பண்ணை வைத்திருந்தார்கள். மாரியாயியும் அவள் புருசன் பெரியசாமியும் அங்கே ஜோடி ஆள். ஒரு வருசம் கோழிக்குச் சீக்கு வந்து ஷெட் ஷெட்டாகக் காலியானது. பண்ணையை மூடிவிடுவதென்று முடிவானது. வெள்ளியங்கிரி தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னபோது மாரியாயி தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சென்னியம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"மிச்சமிருக்கற கோழிய வித்துப்போடுவீங்க பண்ணாடிச்சி. எங்கள என்ன பண்ணுவீங்க?"

பண்ணாடிச்சி என்றால் முதலாளியம்மா. அந்தக் கேள்வி சென்னியம்மாளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதில் தேடிப் புறப்பட்டவள்தான், இன்னும் வீடு திரும்பவில்லை என்று வெள்ளியங்கிரி கேலி செய்வார்.

முதல் வீடு, ஊருக்குத் தெற்கே மாரியாயியின் சாதிசனம் குடியிருக்கும் தெக்குவளவில், அவளுக்கே அமைந்தது. பால் காய்ச்சும் நாளில் உதவி செய்த கம்பெனிக்காரர்கள் பேனரோடு வந்துவிட்டார்கள். மாரியாயியையும் பெரியசாமியையும் தாங்கள் கொண்டுவந்த மிக்சியைப் பிடித்துக்கொண்டு பேனருக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். 'கொஞ்சம் சிரிங்க' என்றார் போட்டோக்காரர். சொந்த வீட்டு வாசலில் மாரியாயி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சென்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மிக்சியை வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்து, காருக்குள் வைத்து, கதவையும் அவளே சாத்தினாள். அடுத்த வருசத்து உதவியும் அந்தக் காரிலேயே போய்விட்டது. போகட்டும் என்றாள்.

அடுத்த வாரம் மேளம் வைத்து, பித்தளைத் தட்டுகளில் தேங்காய், பழம், வெல்லம், சேலை, வேட்டி எல்லாம் அடுக்கி, நடுத்தட்டில் வேறொரு மிக்சியையும் வைத்து, தெக்குவளவு வரைக்கும் நடந்தே போனாள். கூடப்பிறந்தவள் புதுவீட்டுக்குப் போகிற மாதிரி. சீர் என்பது அந்த மண்ணில் பிச்சைக்கு நேர் எதிர். சீர் வாங்குகிறவள் தலைகுனிய மாட்டாள். தட்டில் ஏதாவது குறைந்தால் கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு. மாரியாயி அன்றைக்கு முகத்தை மூடவில்லை. வாசலில் ஆரத்தி எடுத்து, பந்தி போட்டு, சென்னியம்மாள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் விட்டாள். பண்ணாடிச்சி என்பது 'அக்கா' ஆனது அந்தப் பந்தியில்தான். அதற்கப்புறம் புதுவாசல் கைகொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் சீர்தான் போனது. பேனர் போனதில்லை.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். 'அம்மிணிக்கு ஊரெல்லாம் தங்கச்சிக' என்று கல்யாண வீடுகளில் அது ஒரு நிரந்தரக் கேலியாகவே இருந்தது. யாரும் தடுக்கவில்லை. தட்டு தங்கள் வீடுகள் இருக்கும் கோயில் வீதியிலிருந்து வெளியேதானே போகிறது! உள்ளே வரவில்லையே! சீர் என்றால் திரும்பி வரும் என்பதை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். சென்னியம்மாளும் சேர்த்துத்தான்.

மகள் யுவஸ்ரீயின் கல்யாணம் கூடியது. மாரியாயி வந்து, தெக்குவளவிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் புதுவாசல் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து சீர் கொண்டுவரப்போவதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மேளத்தோடு, கோயில் வீதி வழியாக. சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கையும் வைத்துவிட்டுப் போனாள். தெக்குவளவிலிருந்து மேளம் வைத்த தட்டு அந்த வீதிக்குள் அதுவரை வந்ததில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் தண்டாயுதபாணி வந்துவிட்டார். அதே வீதியில் கோயிலை ஒட்டித்தான் அவர் வீடு. கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒன்றென்றால் மழை வெயில் பார்க்காமல் ஓடி வந்தவர்தான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்கு மூச்சு மாதிரி. அவர்கள் வீட்டு முறைப்படி, முந்தின நாளே தாய்மாமன் சீராகக் கொண்டுவரும் சேலையை உடுத்திக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அந்தச் சேலை அவரிடம் இருந்தது.

"அம்மிணி, நீ அவங்களுக்குக் குடுத்தப்ப நான் ஒரு வார்த்த கேட்டனா? குடுக்கறது நம்ம கை. அவங்க நமக்குச் சீர் வெக்கறதுன்னா, நாளைக்கு நான் ஊருக்குள்ள எப்புடி நிக்கறது?"

பந்திக்கு வரட்டும், வயிறார உண்டுவிட்டுப் போகட்டும், அதை யாரும் தடுக்கப்போவதில்லை என்றார். வீதியில் மேளமும் தட்டும் மட்டும் கூடாது. வந்தால் மாமன் சேலை வராது. இதைச் சொல்லும்போது அவர் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனபின் வெள்ளியங்கிரி மெதுவாக, "சீர்னு பேரு வெச்சவ நீதான் புள்ள. சும்மா மிக்சின்னு சொல்லியிருந்தா இந்தக் கஷ்டமே இல்ல" என்றார். சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமன் இல்லாத மணவறையில் மகள் உட்கார்ந்திருப்பதுதான் அவள் கண்ணில் நின்றது.

மறுநாள் தெக்குவளவுக்குப் போனாள். எல்லோரும் வேனில் வந்துவிடுங்கள், வேன் பின்பக்கத்துத் தோட்டத்து வழியாக நேராகப் பந்தலுக்கே வந்துவிடும், வெயிலில் நடக்க வேண்டாம் பாரு என்றாள். வெயில் என்று சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது. மாரியாயி டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"சரிங்க பண்ணாடிச்சி. வேன்லயே வாரோமுங்க."

அக்கா என்ற சொல் எங்கே போனது என்று சென்னியம்மாள் தேடவில்லை. அதைப் பிடுங்கியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. டீயை ஒரே மூச்சில் குடித்தாள். சூடு தெரியவில்லை.

"மாரியாயி, மேளத்துக்கு நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?"

மாரியாயி காலி டம்ளரை வாங்கி வைத்தாள். "பொறந்த ஊட்டுச் சீருக்கு மேளம் நாங்கதானுங்க வெக்கோணும். நீங்க வாசல்ல நில்லுங்கக்கா, போதும்" என்றாள்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. யுவஸ்ரீ சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க டிரைவர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா வரோணும்மா. வராட்டி எனக்கு அழுகையா வரும். நான் அழுதுக்கறேன். நீ போயி அவங்களக் கூட்டிட்டு வா" என்றாள்.

சீர் வரும் காலையில் மேளச்சத்தம் தெற்கிலிருந்து ஏறி வந்தது. கோயில் முக்கு வரை வந்து நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். யாரோ வீதிக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாவியோடு போய்விட்டார்கள். சீர் வாங்குகிறவர்கள் தங்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்பது முறை. சென்னியம்மாள் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். முறையை ஒரு பக்கம் உடைத்தாயிற்று, இன்னொரு பக்கமும் உடையட்டும் என்றிருந்தது அவளுக்கு.

டிராக்டருக்கு அந்தப் பக்கம் மாரியாயியும் பெரியசாமியும் முன்னால் நிற்க, பின்னால் தட்டுகளோடு அத்தனை பேரும் நின்றார்கள். மாலை போட்ட ஆட்டுக்கிடாய் ஒன்று தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது. தண்டாயுதபாணி தன் வீட்டுக் கேட்டில் நின்றார். சென்னியம்மாள் அவரைப் பார்த்தே சொன்னாள்.

"அண்ணா, வண்டி உங்களுதில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எடுக்கச் சொல்ல உங்களால முடியும்."

அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அவளும் காத்திருக்கவில்லை. ஆரத்தியை வெள்ளியங்கிரி கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, டிராக்டர் மட்கார்டின் மேல் ஏறி நின்றாள். "தட்டக் குடு" என்றாள். அந்தப் பக்கமிருந்து மாரியாயி கொடுக்க, இவள் வாங்கி இந்தப் பக்கம் கொடுக்க, தட்டுகள் எல்லாம் டிராக்டருக்கு மேலேயே வந்து சேர்ந்தன. ஆட்கள் டிராக்டருக்கும் கோயில் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒவ்வொருவராக உடம்பை ஒடுக்கி நுழைந்தார்கள். கிடாய் அடியில் புகுந்து வந்துவிட்டது. கடைசியாக மேளக்காரர்கள். இந்தப் பக்கம் வந்ததும் அவர்கள் அடித்த அடியில் கோயில் புறாக்கள் கிளம்பிவிட்டன. நடுவீதியிலேயே ஆரத்தி எடுத்தாள் சென்னியம்மாள்.

பந்தலில் சில பேர் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை மதியழகன் மட்டும் எழுந்துபோய்க் கிடாயைப் பிடித்துக் கட்டினான். சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் மணியன் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். தண்டாயுதபாணியின் கேட் சாத்தியிருந்தது. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது.

"தாய்மாமன் சீர் வரோணுமுங்களே" என்றார் மணியன்.

"வந்துருச்சுங்க. எடுத்து வெய்ங்கண்ணா" என்றாள் சென்னியம்மாள், பெரியசாமியைப் பார்த்து.

பெரியசாமி, தாங்கள் கொண்டுவந்த சீரிலிருந்து சேலைத் தட்டை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்றார். யுவஸ்ரீ நடை பழகிய நாளிலிருந்து அவரை 'பெரியசாமி' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள். அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, எழுந்து வந்து அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க மாமா" என்றாள்.

சேலை மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. மறுநாள் முகூர்த்தத்துக்கு யுவஸ்ரீ அதைத்தான் உடுத்திக்கொண்டு மணவறைக்கு வந்தாள்.