ஜெகதாம்பாளும் கோணல் பேனாவும்

ஜெகதாம்பாள் ஹைதராபாத் போக முடியாமல் ஒரு கோடு குறுக்கே நின்றது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் எங்கள் ஆராய்ச்சி அலுவலகம். அவள் மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. கணவர் கிருஷ்ணபிரசாத்துக்கு ஹைதராபாத்தில் வங்கி வேலை. குழந்தை ஹம்சினியும் அங்கேதான். இவள் மட்டும் கூடுவாஞ்சேரியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மாற்றல் கேட்டிருந்தாள்.

"இதை முடிச்சுக் குடுத்துட்டு தாராளமா போங்கம்மா" என்றார் அதிகாரி சாரங்கபாணி. அது தொண்ணூற்றேழாம் வருஷம்.

'இது' என்றால் கிராஃப் போடும் லைப்ரரி. விஞ்ஞானிகளின் அளவுகளை வளைகோடுகளாக வரைந்து தரும் நிரல்கள். முத்துசாமி என்பவர் அந்தக் காலத்தில் ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிவிட்டு, ஒரு வரி விளக்கம்கூட வைக்காமல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அப்புறம் அதை யாரும் தொடவில்லை. அது ஓடிய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கப்போகிறார்கள். அதற்குள் அத்தனையையும் சி மொழிக்கு மாற்றியாக வேண்டும்.

மாற்றினாள். பழைய கிராஃபையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துச் சரிபார்ப்போம். கடல் காற்றில் கண்ணாடி உப்புப் பூத்துக் கிடக்கும். முந்தானையால் துடைத்துவிட்டு வைப்பாள். அச்சு, எண், எழுத்து எல்லாம் பொருந்தும். வளைகோடு மட்டும் மயிரிழை விலகி நிற்கும்.

"பழைய மாதிரி இல்லையேம்மா" என்பார் சாரங்கபாணி, கண்ணாடியில் மூக்கு ஒட்ட.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஞாயிறுதோறும் எஸ்டிடி பூத்தில் ஹம்சினி கேட்பாள்: "அம்மா, படம் வரைஞ்சு முடிச்சியா?"

"இன்னும் இல்லடி கண்ணு. முடிச்சதும் வந்துடுவேன்."

கடைசியில் நாங்கள் இருவரும் ஊரப்பாக்கத்தில் முத்துசாமி வீட்டைத் தேடிப் போனோம். அவருக்கு எல்லாம் மறந்திருந்தது, இது ஒன்றைத் தவிர.

"அட, அந்தப் பேனாவா! வரையற மெஷின்ல வளைகோடு போடற பேனா மட்டும் வலது பக்கம் கோணிக்கினு நிக்கும்மா. ரிப்பேர் பண்ண ஒருத்தனும் வரல. அதான் கோட்டை இடது பக்கம் தள்ளி எழுதிட்டேன்."

அந்த மெஷின் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. இல்லாத பேனாவுக்காக ஜெகதாம்பாள் தன் நிரலிலும் கோட்டைத் தள்ளினாள். கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

சாரங்கபாணிக்கும் மகிழ்ச்சிதான். அவள் மாற்றல் கேட்கும் கடிதத்தை நீட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏன் தள்ளியிருக்குன்னு நாளைக்கு யாராவது கேட்டா? முத்துசாமி போனப்புறம் நாம பட்டது போதாதா? இதுல தெரிஞ்ச ஆள் இப்போ நீங்க ஒருத்தர்தான். எப்படிம்மா விடறது?"

"எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுப் போறேன் சார்."

"எழுதினது எழுந்து வந்து பதில் சொல்லுமா?"

கோடு பொருந்தாதவரை வேலை முடியவில்லை; பொருந்தியதும் ஆளை விட முடியவில்லை. மனுஷியைக் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு எங்கே கிடைக்கும்? திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் அன்றைக்கு நானும் அவளோடு ஏறினேன்.

கூடுவாஞ்சேரியில் இறங்கியதும் நேராகப் பூத்துக்குப் போனாள். "யக்கா, லைன் கெட்ச்சிடுச்சு, பேசு" என்றான் பூத்துக்காரன்.

"அம்மா, படம் முடிச்சுட்டியா?" வெளியே நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது.

ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லடி கண்ணு" என்றாள்.