பருத்தவன் எந்தப் பக்கம்

உலகத்தைக் காப்பாற்றவென்று ஐந்து பேர் வாராவாரம் எங்கள் தீவுக் கிராமமான சுருவிலுக்கு வந்துபோன காலம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. சனிக்கிழமை பின்னேரங்களில், மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியில், எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். உடம்போடு ஒட்டிய உடுப்பு, முதுகில் ஒரு துண்டுத் துணி. ஒருவன் பறப்பான், இன்னொருவன் சுவரைத் துளைப்பான். எங்கள் தீவுக்கும் அப்போது காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் அமெரிக்காவை விட்டு ஒரு மைல் இந்தப் பக்கம் வந்தது கிடையாது.

வில்லன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை வில்லன் வெள்ளைக் கோட்டுப் போட்டவன். ஊரை எப்படி அழிக்கப் போகிறான் என்பதை, பிடித்துக் கட்டிவைத்த ஆளிடமே ஆறுதலாக விளங்கப்படுத்துவான். அவன் பேசி முடிப்பதற்குள் ஐவரும் வந்துவிடுவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு காரியத்தைப் பார்த்திருந்தால் அந்த மனிதன் எப்போதோ உலகத்தை ஆண்டிருப்பான். எங்களுக்குத் தெரிந்த வில்லன்கள் யாரும் விளக்கம் சொல்லிவிட்டு வந்ததில்லை.

வீரர்களின் ஒற்றுமையோ அதைவிட விசேஷம். வெளியே நகரம் எரியும். இவர்கள் மேசையைச் சுற்றி நின்று யார் தலைவன் என்று சண்டை பிடிப்பார்கள். ஆறாம் திருவிழா எந்தக் குடும்பத்துக்கு என்று எங்கள் கோயில் வாசலில் நடந்த சண்டையைப் பார்த்திருந்த எங்களுக்கு இது ஒன்றும் புதினமில்லை. அவர்களுக்கு நாதஸ்வரம்தான் இல்லை.

படம் ஆங்கிலம். கீழே ஓடும் எழுத்து சிங்களம். வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெரியப்பா. தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றில் அகதிக் கப்பலில் வந்து இறங்கியபின் வீட்டுப் படலையைத் தாண்டவேயில்லை. கலவரத்தன்று அவரைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவன் எதிர்க்கடைச் சிங்களவன், நெடுநாள் சிநேகிதன். கடையைப் பூட்டி, திறப்பை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் பெரியப்பா கப்பலேறினார். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

"அவன் கடையை விழுங்கியிருப்பான்," என்று பெரியம்மா காலைத் தேநீரோடு தொடங்குவார்.

"அவன் அப்பிடிச் செய்யான்."

பெரியப்பா நாள் முழுவதும் பேசுகிற பேச்சு அதோடு முடிந்துவிடும். சனிக்கிழமை மட்டும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்வார். அந்த அரை மணித்தியாலம் அவர் பழையபடி கடைக்காரர். குரல் கூட வேறு.

ஐவரில் ஒருவன் பருத்தவன். தொடரின் முதல் சுற்று முடிகிற அன்று அவன் வெள்ளைக் கோட்டுக்காரனின் காரில் ஏறிப் போவதைக் காட்டிவிட்டு, மாதக் கணக்கில் எங்களை அந்தரிக்க விட்டார்கள். அவன் துரோகி என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். பெரியப்பா மட்டும், "அவன் நல்லவன். உள்ளுக்கு நிண்டு ஏதோ செய்யப் போறான்," என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இரண்டாவது சுற்று தொடங்கிய அன்று அயலட்டையெல்லாம் விறாந்தையில் குந்தியிருந்தது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த என் அக்காவும் லீவில் வந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். அது தெரியும் என்பது ஊருக்கும் தெரிய வேண்டும்.

"காட்டிக் குடுக்கச் சம்மதிச்சிட்டானாம்," என்றாள் அக்கா.

"சும்மா நடிக்கிறன் எண்டு சொல்லுறான்," என்றார் பெரியப்பா.

"இல்லைப் பெரியப்பா, அவன் அப்பிடிச் சொல்லேல்லை."

"எழுத்தில அப்பிடித்தான் கிடக்கு."

ஒரு இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் மற்ற நால்வரும் பதுங்கியிருக்கிறார்கள். கதவுக்கு முன்னால் பருத்தவன், கையில் திறப்பு. அவனுக்குப் பின்னால் வில்லன்கள். அந்த நேரம் பார்த்துப் படம் இரண்டு பக்கத்தாலும் ஒடுங்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுப் பெட்டி ஓடியது உழவு இயந்திரப் பற்றறியில். பற்றறி இறங்கினால் படம் அப்படித்தான் சுருங்கும். பருத்தவனே மெலிந்து ஈர்க்கு மாதிரி ஆனான். பிறகு ஒரு புள்ளி, பிறகு அதுவும் இல்லை.

பகல் முழுக்க அந்தப் பற்றறியில் றேடியோ கேட்டது யார் என்று விசாரித்தபோது, அம்மா சத்தமில்லாமல் எழும்பிக் குசினிக்குள் போனார். வெள்ளைக் கோட்டுப் போடாத வில்லனும் இருக்கலாம் என்பது அன்றுதான் விளங்கியது.

திங்கட்கிழமை காலை பெரியப்பா பற்றறியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். பக்கத்து ஊரான கரம்பொன் மில்லில்தான் சார்ஜ் ஏற்றுவார்கள். வீதியில் எந்த நேரம் நேவி நிற்கும் என்று சொல்ல ஏலாத காலம். மற்ற ஆம்பிளைகளே யோசித்துத்தான் வெளிக்கிடுவார்கள்.

"இந்த மனிசனுக்கு என்ன விசரே?" என்று பெரியம்மா படலை வரைக்கும் ஓடினார். பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னேரம் அவர் வந்து சேரும்வரை பெரியம்மா படலையடியை விட்டு அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. பருத்தவன் திறப்பைப் போட்டான். கதவைத் திறந்தான். ஒதுங்கி நின்று வில்லன்களை உள்ளே விட்டான். வெள்ளைக் கோட்டுக்காரன் அவன் தோளில் தட்டிச் சிரித்தான். அவனும் சிரித்தான். இதை விளங்க ஆங்கிலமும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம்.

விறாந்தை முழுவதும் பெட்டியை விட்டுவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தது. அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிவிட்டாள். கீழே எழுத்து ஓடியது. பெரியப்பாவின் உதடு அதை வாசித்தது.

"கதவைத் துறந்தாத்தானே உள்ளுக்கு இருக்கிறவை தப்பலாம்," என்றார் கடைசியில்.



"ஓம், அதுதானே," என்றார் பெரியம்மா.

உடனே எல்லோரும் ஓம் என்றோம், அக்கா உட்பட. அந்த ஐவருக்கு இரண்டு சுற்றிலும் வராத ஒற்றுமை எங்களுக்கு ஒரு நிமிஷத்தில் வந்தது.

மறுநாள் காலை பெரியம்மா தேநீரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். பெரியப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவரே கேட்டார்.

"அவன் கடையை விழுங்கியிருப்பான், என்ன?"

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றார் பெரியம்மா. "தேத்தண்ணி ஆறுது."