வருவதற்கு முன் போட்டது

காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. போனை வைத்துவிட்டு டாக்டரம்மா, "மருந்துக்கடைக்காரர் வர்றாராம். அவரு நாய் கண்ணைத் திறக்கவே மாட்டேங்குதாம்" என்றார். துண்டு மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவளுக்குப் பச்சைச் சொட்டு அக்கா என்றுதான் பெயர். நாயின் கண்ணில் எந்த மருந்து விழுவதற்கும் முன்னால் பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாக வேண்டும் அவளுக்கு. கருவிழியில் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சை பிடித்துக்கொள்ளும். கீறல் விழுந்த கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் புண் ஆறாது. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும்.

பதினொரு வருஷத்துக்கு முன் இது அவளுக்குத் தெரியாது. அப்போது துணிக்கடையில் வேலை. அவளுடைய குட்டைக்கால் நாயைப் பூனை கண்ணில் பிறாண்டிவிட்டது. தெருமுனை மருந்துக்கடைக்காரர் நாயை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். "போடும்மா, மூணே நாள்ல கண்ணு பளபளன்னு ஆயிடும்."

நாலாம் நாள் கருவிழி பொத்துக்கொண்டது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. நியாயம் கேட்கப் போனவளிடம், கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் சொன்னார்: "ஏம்மா, இன்னொரு கண்ணு இருக்குல்ல? நாய் என்ன பேப்பரா படிக்கப் போகுது?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் கீழே போடவில்லை. துணிக்கடையை விட்டு இங்கே தரை துடைக்கச் சேர்ந்தாள். நாயைப் பிடிக்க, கண் கழுவ, கட்டுப் போடக் கற்றாள். நோயாளிச் சீட்டில் ஒரு கட்டம் சேர்க்க வைத்தாள்: 'வருவதற்கு முன் போட்டது.' நாயைக் கொண்டுவந்தவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் அந்தக் கடையின் பெயர் வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா இரண்டு முறை ஆளனுப்பிக் கடைக்காரரை எச்சரித்தார். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று பதில் வந்தது. குட்டைக்கால் போன வருஷம் ஒற்றைக் கண்ணோடு போய்ச் சேர்ந்தது.

கடைக்காரர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "தங்கச்சி, முள்ளுல விழுந்துடுச்சு, சீக்கிரம் பாரும்மா!"

தங்கச்சியாம். நாயை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சீட்டையும் பேனாவையும் வைத்தாள்.

"முதல்ல இதை எழுதுங்க."

"அப்புறம் எழுதறேனே."

"எழுதிட்டுத்தாண்ணே உட்காரணும்" என்றாள் பூனைக்கூடையோடு காத்திருந்த அம்மா.

'ஒன்றும் போடவில்லை' என்று எழுதினார்.

"ஏன் போடலை? கடை நிறைய அடுக்கி வச்சிருக்கீங்களே?"

"நாயைப் பாரும்மா முதல்ல!"

"காரணத்தையும் எழுதுங்க."

உள்ளே டாக்டரம்மா அதற்குள் கண்ணைக் கழுவி, பச்சை விட்டு, கீறலைக் கண்டுபிடித்துச் சரியான மருந்தைத் தொடங்கியிருந்தார். அக்காவுக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது. சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் எழுதினார்: 'கீறல் இருக்கலாம். எங்கள் கடைச் சொட்டு போட்டால் கண் போய்விடும்.'

"சத்தமாப் படிங்க. இந்த அம்மா கண்ணாடி கொண்டுவரலையாம்."

பூனைக்கூடை அம்மா மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. அக்காவுக்கு அது ஒரு குறைதான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"உன் நாய்க்கு அப்புறம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாய் கண் பிழைத்து, கண்ணைப் பிறாண்டாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்போடு வீட்டுக்குப் போனது. மதியம் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அக்கா அவருடைய கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண்ணாடிக் கதவில் சீட்டை வைத்து, டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டினாள். போன் அடித்தது. டாக்டரம்மா. "கல்லடி பட்ட நாய் ஒண்ணு வந்திருக்கு, கண்ணுல ரத்தம். சீக்கிரம் வா."

அக்கா ஓடினாள். சீட்டின் நாலாவது மூலைக்கு டேப் ஒட்டவில்லை.