நீல நூல் யாருடையது?

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. சோற்றில் ஒரு முடி கிடந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். வேலையும் அதற்கேற்றாற்போல் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அமைந்தது. சிப்பிச் சதையைக் காரக் கரைசலில் கரைப்பாள். மிஞ்சுவதை வடிதாளில் வடித்து, நுண்ணோக்கியில் பிளாஸ்டிக் துணுக்கு தேடுவாள்.

அவள் அண்ணனுக்குத் துறைமுகத்துப் பக்கம் சிப்பிக் கடை. அண்ணி நிறைமாத கர்ப்பிணி. தினமும் ஒரு தட்டு வேகவைத்த சிப்பி உள்ளே போகாவிட்டால் அவளுக்கு வேறெதுவும் இறங்காது. கூடத்தில் யார் யாருடைய சிப்பியிலோ துணுக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் பூதக்கண்ணாடிக்கு அந்தத் தட்டுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. கடைசியில் அண்ணன் கடைச் சிப்பியில் ஒரு கைப்பிடி எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் சோதித்தாள்.

வடிதாள் முழுக்க நீல நூல்கள்.

கூடத்து ஏசிக் குளிருக்கு மேலே போட்டிருந்த ஸ்வெட்டரோடு அப்படியே கடைக்கு ஓடினாள். மதியக் கூட்டம். அண்ணி வாய்க்குக் கொண்டுபோன சிப்பியைத் தட்டிவிட்டு, "துப்புங்க அண்ணி! அத்தனையும் பிளாஸ்டிக்!" என்று கத்திவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே வந்தியா?" என்றான் அண்ணன். மறுநாள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

செய்ததை அவள் மேலதிகாரியிடம் சொன்னாள். அந்த அம்மா திட்டவில்லை. "சிப்பியே போடாம, வெறும் கரைசலை மட்டும் வடிச்சு ஒரு தடவை பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தாள். வெறும் கரைசலை வடித்த தாளிலும் அதே நீலம். குனிந்து தன் நீல ஸ்வெட்டரைப் பார்த்தவளுக்குக் காது சிவந்தது.

பருத்திக் கோட்டு போட்டுக்கொண்டு, பாத்திரங்களை மூடிவைத்து மறுபடி சோதித்தாள். நீலம் போய்விட்டது. ஆனால் பச்சையாகச் சில இழைகள் நின்றன. வெறும் கரைசலை வடித்த தாளில் அவை இல்லை. அண்ணனுக்குச் சிப்பி வருவது பச்சை நைலான் வலைப்பையில். ஒருவேளை அதுவாக இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம்.

கடைக்குப் போய்த் தலைகுனிந்து நின்றாள். "நான் பாத்த நீல நூல் என்னோடதுதான் அண்ணா. தப்பு என் மேல."

"அப்போ ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. கொஞ்சம். பச்சையா."

"தின்னலாமா, கூடாதா? அதைச் சொல்லு."

"இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு யாரும் இன்னும் அளவு சொல்லல. எனக்கும் தெரியல."

"வாயத் திறந்தா ஊரே கேக்குது, கேட்டா தெரியலங்கிற" என்று அண்ணி சிரித்துவிட்டாள். ஆனால் அன்று தட்டைத் தொடவில்லை.

அண்ணன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு வலைப்பையை விட்டுவிட்டு மூங்கில் கூடைக்கு மாறினான். வந்த சிப்பியைச் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் கிடக்கவிட்டால் வயிற்றில் உள்ளதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும் என்று மேலதிகாரி சொன்னதைக் கேட்டு, ஒரு தொட்டியும் கட்டினான். போன கூட்டத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

ஒரு காலையில் அவனே ஒரு கண்ணாடிப் புட்டியில் சிப்பியை நிரப்பிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தான். "இந்தா, இதையும் பாரு. கூட்டம் இருக்கிற நேரத்துல மட்டும் கடைக்கு வந்து சொல்லித் தொலைக்காதே."

அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கரைசலில் சதை கரையும்வரை நாற்காலியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.