பரம்பரைக் கமக்காரன்

வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்கும் அண்ணையின் வயலுக்கும் நடுவில் ஒரு வரம்புதான். அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம் அவர்களுடையது. என் அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இனக்கலவரத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர். முதலில் அவர்களின் வயலில் வேலைக்கு நின்றார். பிறகு காடு வெட்டித் தனக்கென்று ஒரு காணியைத் திருத்தினார். நான் பிறந்தது இங்கேதான். தேயிலைச் செடியை இன்றுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று பழித்துக் கூப்பிட்ட பொடியன்களை அடித்து விரட்டியவர் அண்ணை. இறுதிப் போரில் எங்கள் இரண்டு குடும்பமும் ஷெல்லுக்குப் பயந்து ஒரே பங்கருக்குள் கிடந்தோம். போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது நான்தான் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கு ஓடினேன். திரும்பி வந்து, பற்றையாய்க் கிடந்த வயல்களையும் சேர்ந்தே வெட்டித் துப்புரவாக்கினோம்.

போன வருடம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் தெரிவு வந்தது. எனக்கு அந்த எண்ணமே இருக்கவில்லை. அண்ணைதான் விடவில்லை.

"முறை பிசகாமல் தண்ணி விடுறதுக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்? நீ பேசாமல் இரு. நான் எழும்பி உன்ர பேரைச் சொல்லுறன்."

மனைவி அயன் பண்ணித் தந்த சேட்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். கூட்டத்தை நடத்த வந்த உத்தியோகத்தர் தலைவருக்குப் பெயர் கேட்டதும் அண்ணை எழும்பினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதோ தன் மருமகனின் பெயரை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் கடை நடத்துகிறவர் அந்த மருமகன்.

பின்னால் இருந்த ஒருவர் என்னைக் காட்டிக் கேட்டார், "என்னண்ணை, இவரையெல்லோ போடப்போறதெண்டு சொன்னனீங்கள்?"

"ஆள் நல்ல ஆள்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனா தலைமை எண்டு வரேக்க பரம்பரைக் கமக்காரன் இருக்கிறதுதான் முறை. இவையள் வேலைக்கு வந்த சனம்தானே."

சிலர் சிரித்தார்கள். நான் எழும்பினேன். "அப்ப இவ்வளவு காலமும் நான் செய்தது என்ன அண்ணை?"

அவர் உத்தியோகத்தரைப் பார்த்து மருமகனின் பெயரைத் திரும்பவும் சொன்னார். மருமகன் தலைவரானார்.

அடுத்த நாள் காலை வரம்பில் வந்து நின்றார். "மனசில வைச்சிருக்காதை தம்பி. சொந்தக்காரர் நெருக்கிப்போட்டினம். ஊருக்காகச் சொன்னது."

"அந்த ஊருக்குள்ள நான் இல்லையோ?"

அவர் வரம்பை விட்டு இறங்கித் தன் வயலுக்குள் நடந்தார்.

இரண்டு வயலுக்கும் எப்போதும் அறுவடை மெசினை ஒன்றாகத்தான் வாடகைக்குப் பிடிப்போம். அந்தப் போகம் நான் தனியாகப் பிடித்தேன். என் வயலை முடித்த சாரதி, மழை இருட்டுவதைப் பார்த்துவிட்டுப் வெட்டாமல் நின்ற அண்ணையின் வயலைக் காட்டி, "அதையும் வெட்டிவிடட்டோ?" என்று என்னைக் கேட்டான்.

"வேண்டாம்" என்றேன். என் வயலுக்கான காசை மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.