நரிக்கு வைத்த கோழி

போன வாரம் சேலத்திலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தை நெருங்கும்போது முன்னால் ஒரு கோழி லாரி. முட்டை ஓய்ந்த கோழிகளைக் கூண்டு கூண்டாக அடுக்கி ஏற்றிப் போவார்களே, அதுதான். முந்தவும் இடமில்லை, வேகத்தைக் குறைத்தாலும் வாடை விடவில்லை. இறகு ஒன்று பறந்து வந்து ஹெல்மெட் கண்ணாடியில் ஒட்டியது. கூடவே என்னவென்று ஆராய விரும்பாத சில ஈரத் துளிகளும். எச்சமும் புளித்த தீவனமும் கொஞ்சம் ரத்தமும் சேர்ந்து வெயிலில் வேகிற நாற்றம் அது. வண்டியை ஓரங்கட்டி ஒரு இளநீர் வாங்கினேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு கோழி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினால் ஊரே சிரிக்கும். ஆனால் எனக்குக் குமட்டியது கோழியால் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். எங்கள் வீடு ராசிபுரம். அப்பா தறி ஓட்டினார். கஞ்சி போட்டுக் காயும் நூலின் வாசனையில் வளர்ந்த மூக்கு என்னுடையது. முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்து நிறைய பவுடருமாகப் போய் இறங்கினேன். முதல் ஷெட்டின் வாசலைத் தாண்டவில்லை, அடுக்கியிருந்த தீவன மூட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அந்தப் பண்ணைக்கு என் முதல் பங்களிப்பு அது.

மூட்டையைத் துடைத்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் பாப்பாக்கா. "மூக்கால மூச்சு உடாதீங்க சாமி, வாயால உடுங்க. பத்து நாள்ல பழகிப்போயிருமுங்க" என்றார். அவருக்கு எல்லோருமே சாமிதான். முதலாளி சாமி, லாரி டிரைவர் சாமி, கையில் பிடித்த கோழிக்குஞ்சும் சாமி. தினமும் காலையில் ஷெட் ஷெட்டாகப் போய்ச் செத்த கோழிகளைப் பொறுக்குவது அவர் வேலை. ஒரு கையில் நாலு, இன்னொரு கையில் நாலு என்று காலைப் பிடித்துத் தூக்கி வந்து அன்னக்கூடையில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு, பண்ணைக்குப் பின்னால் ஏரியோரத்தில் இருந்த குழியில் கொட்டிவிட்டு வருவார்.

குழி என்பது பெயருக்குத்தான். அது நிரம்பி மேடாகி வெகுகாலம் ஆகியிருந்தது. மேலே புதுக் கோழி, கீழே பழைய கோழி, அதற்கும் கீழே கோழி என்று சொல்ல முடியாத ஒரு கூழ். மழை பெய்தால் மேடு முழுக்க நெளியும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன், என் முதுகு ஏதோ காம்பவுண்டுச் சுவர் மாதிரி.

ஏரிக்கரையில் வளை தோண்டி நரிகள் குடியிருந்தன. காலையில் குழிப் பக்கம் ஒன்றிரண்டு நிற்கும். நம்மைக் கண்டால் பயந்து ஓடாது; வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல மெதுவாகத் திரும்பிப் போகும். அப்போதெல்லாம் அவற்றின் மேல் யாருக்கும் கோபமில்லை. முதலாளி ஏதாவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது நரி கண்ணில் பட்டால், போன காரியம் முடிந்தமாதிரிதான் என்று சந்தோஷப்படுவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பண்ணைக்குள் நோய் புகுந்தது. பாப்பாக்கா ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை நடந்து கொட்டினார். நரிகள் கொழுத்தன, எண்ணிக்கையும் கூடியது. தை பிறந்து நோய் அடங்கியதும் குழிக்குக் கோழி வருவது குறைந்துபோனது. பழக்கப்படுத்திய வயிறு சும்மா இருக்குமா? மாசியில் ஒரு காலை குஞ்சு ஷெட்டைத் திறந்தபோது, கம்பி வலைக்கு அடியில் நரி மண்ணைப் பறித்து ஒரு வழி செய்திருந்தது. உமிப் படுக்கையெல்லாம் ரத்தம். கடிபட்டது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பயத்தில் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. அள்ளும்போது இன்னும் சூடாக இருந்தன.

படித்தவன் என்கிற மிதப்பில் முதலாளியிடம் யோசனை சொன்னேன். வலையை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துக் கட்டினால் நரியால் பறிக்க முடியாது. அந்தக் குழியைச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு, மூடிபோட்ட வேறு குழி வெட்டினால் நரி இந்தப் பக்கம் வரவே காரணம் இருக்காது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான் என்றுகூடச் சொன்னார். மறுநாள் மோகனூரில் இருந்த அவருடைய வாழைத் தோட்டத்திலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வாழைக்குப் போடுகிற குருணை மருந்து, கடும் விஷம். செத்த கோழிக்குள் வைத்துக் குழியோரம் போடச் சொல்லி முதலில் பாப்பாக்காவிடம்தான் நீட்டினார்.

பாப்பாக்கா கையை நீட்டவில்லை. "பொறுக்கச் சொன்னாப் பொறுக்கறேனுங்க சாமி. இது எனக்கு வேண்டாமுங்க. நாத்தத்தெக் காட்டிக் கூப்பிட்டது நாமதானுங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. தினக்கூலிக்கு வந்த பெண்பிள்ளை முதலாளியிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. முதலாளிக்கு முகம் இறுகியது. பொட்டலம் என் பக்கம் திரும்பியது.

எனக்கும் வாய் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

எப்படிச் செய்தேன் என்று விவரிக்க மனமில்லை. கையுறை போட்டிருந்தேன், மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தேன், முடித்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வேலையைச் சுத்தமாக முடித்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்தத் திருப்திதான் அதிகமாக அருவருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் முதலில் பார்த்தது காக்கைகளை. குழியைச் சுற்றிக் கறுப்புத் துணி கிழித்துப் போட்டமாதிரி கிடந்தன. அப்புறம் ஒரு கீரி. பக்கத்துக் குடியிருப்பின் நாய்கள் இரண்டு. ஏரித் தண்ணீரில் வாயை வைத்தபடியே ஒரு ஆண் நரி. கரைமேல் இன்னொன்று, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வளையின் பக்கம் ஊர்ந்து போனமாதிரி. வாயெல்லாம் நுரை, கண்ணில் எறும்பு. பாப்பாக்கா ஒரு குச்சியால் அதைப் புரட்டினார். மடிக்காம்புகள் ஈரமாக இருந்தன.

"பால் குடுத்துக்கிட்டு இருந்திருக்குதுங்க" என்றார். "குட்டி உள்ள இருக்கும்."

கரையில் மூன்று வளைகள் இருந்தன. மூன்றாவதில் காதை வைத்தபோது சத்தம் கேட்டது. பச்சைக் குழந்தை தூக்கத்தில் சிணுங்குவதுபோல. தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. கடப்பாரை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், அதுமட்டும் பொய்யில்லை.

வாசலில் தீவன லாரி வந்து நின்றிருந்தது. முதலாளி என் கையில் கடப்பாரையைப் பார்த்து எதற்கு என்றார். சொன்னேன்.

"நரிக்குட்டியத் தோண்டி எடுத்து என்னப்பா பண்ணப்போற, பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறியா?"

லாரி ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூட்டை இறக்கப் போனேன்.

பாப்பாக்கா ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை தனியாக வெட்டிப் பார்த்தாராம். கரைக்குப் போட்ட கல் குறுக்கே வந்ததும் கையெல்லாம் கொப்புளத்தோடு திரும்பிவிட்டார். அன்று நான் கரைப் பக்கம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. முட்டை லாரி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் போனேன். வளை வாயில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. குழியிலிருந்து வருவது எது, இங்கிருந்து வருவது எது என்று எனக்குப் பிரித்தறிய முடிந்தது. பத்து நாளில் பழகிப்போகும் என்றாரே, அது பழகவே இல்லை.

பாப்பாக்கா வேலையை விடவில்லை. விடுகிற நிலையிலும் அவர் இல்லை. என்னிடம் கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னை மட்டும் "சூப்பர்வைசருங்க" என்றார். முதலாளி சாமியாகவே இருந்தார், குஞ்சுகளும் சாமியாகவே இருந்தன. முதலாளி சாமியாக இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா என்று சில நாள் எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. அப்புறம் புரிந்தது. முதலாளியிடம் அந்த அக்கா எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கரையில் நரி எதுவும் கண்ணில் படவில்லை. நான்கு மாதம் கழித்து வேலையை விட்டேன். வீட்டில் கேட்டபோது நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

போன வருஷம் முதலாளி காலமாகிவிட்டார் என்று தெரிந்து துக்கம் விசாரிக்கப் போனேன். மகன்தான் இப்போது எல்லாம் பார்த்துக்கொள்கிறார், மரியாதையான ஆள். நாலு பக்கமும் அடைத்த ஷெட், பெரிய பெரிய மின்விசிறி, எலிகூட நுழைய முடியாத தரை. வலைக்குப் பதில் சுவரே வந்துவிட்டது. பாப்பாக்காவைக் கேட்டேன். அயோத்தியாப்பட்டணத்தில் மகள் வீட்டோடு போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஏரியில் பாதியைக் காணோம். மிச்சப் பாதியின் ஓரத்தில் செத்த கோழிகளைத் தின்று கொழுத்த தெருநாய்கள் கூட்டமாகப் படுத்திருந்தன.

பொழுது சாயும்வரை நானும் முதலாளியின் மகனும் அங்கேயே நின்றிருந்தோம். நான் வேலை பார்த்த காலத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில் கரையின் ஒரு முனையிலிருந்து ஒரு நரி ஊளையிடத் தொடங்கும். மறு முனையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். நடுவில் இருக்கிறவையும் சேர்ந்துகொண்டால் ஷெட்டுக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நொடியில் வாய் மூடிக்கொள்ளும். இப்போது மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இந்தக் கரையில நரி இருந்துச்சுன்னு அப்பா சொல்லுவாருங்க. நெசமாங்க?" என்றார் மகன்.

"இருந்துச்சுங்க" என்றேன்.

எப்படி இல்லாமல் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.