ஈரம் ஏறிய ஆறு ராடுகள்

பட்டறையில் அவருக்குப் பெயர் பதினேழு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பாய்லர் செய்யும் இடம் அது. அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. தகடுகளைப் பற்றவைத்து ஜாயிண்ட் முடிந்த கையோடு அதன் பக்கத்திலேயே தன் நம்பரை இரும்பு அச்சால் அடித்து வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்தத் தகடு வாயைப் பிளந்தாலும் யார் கைவேலை என்று தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் அவர் அடித்த பதினேழுகளில் ஒன்றுகூட எக்ஸ்ரே படத்தில் தோற்றதில்லை.

"பதினேழு போட்டதா? அப்ப படம் எடுக்கிறதே தெண்டம்" என்பார் ஃபோர்மேன். வாயைத் திறந்தால் பட்டாசு என்பதால் அவருக்குப் 'பட்டாசு' என்று பெயர். அவர் வாயிலிருந்தே இப்படி ஒரு வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்தப் பெருமையைப் பதினேழு சபைக்கும் சுமந்துகொண்டு போனார். சனிக்கிழமை சாயங்கால வேத வகுப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பாடம் எடுப்பார். பாடம் எப்போதும் ஒன்றுதான்: விசுவாசிகள் நிற்கப்போகும் நியாயாசனம். போதகரே அந்த நாளில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

"நம்பினவனுக்குத் தண்டனைத் தீர்ப்பு கிடையாது. அது சிலுவையிலயே முடிஞ்சு போச்சு" என்று ஆரம்பிப்பார். "ஆனா நம்பினதுக்கு அப்புறம் நீ என்ன கட்டினேன்னு ஒருநாள் பாப்பாங்க. பொன்னா வைக்கோலான்னு நெருப்பு சொல்லிடும். வைக்கோலா இருந்தா எரிஞ்சு போகும். ஆளு தப்பிச்சுக்குவான். ஆனா எப்படி? வீடு பத்திக்கிட்டப்ப கட்டின துணியோட வெளிய ஓடி வந்தவன் மாதிரி, கை வெறுங்கையா, தலைமுடி கருகி!"

இந்த இடத்தில் கூட்டம் கப்சிப் என்று ஆகிவிடும். கடைசிப் பெஞ்சில் இருக்கும் அவருடைய மனைவியின் தம்பி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பான். அவனும் அதே பட்டறையில்தான் வேலை. எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தேறியதா இல்லையா என்று கையெழுத்துப் போடுகிறவன். "மாமா, பரலோகத்துல உங்களுக்கு மாலை போடுறப்ப என்னையும் உள்ள விடச் சொல்லுங்க. கை தட்ட ஆள் வேணும்ல?" என்பான். பதினேழும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அந்த மாலைக்கு அவர் ஏறக்குறைய அளவெடுத்தே வைத்திருந்தார்.

போன சனிக்கிழமைதான் இந்த வருஷத்துப் பாடம். காலையிலிருந்து விடாத மழை. ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக வேண்டிய பாய்லரின் கடைசி ஜாயிண்ட் அவர் கையில் இருந்தது. வகுப்பு ஆறு மணிக்கு. "இதை முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பு, ராத்திரியே படம் எடுத்துடுவாங்க" என்று பட்டாசு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலைக்கு உருக்கிப் பற்றவைக்கும் ராடுகள் ஈரத்துக்கு ஆகாதவை. ஓவனில் வறுத்தெடுத்து, மின்சாரத்தில் சுடும் சின்னப் பெட்டியில் சூடாகவே வைத்திருந்து, ஒவ்வொன்றாக உருவிப் பற்றவைக்க வேண்டும். ஆறினால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் உருகிய இரும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அன்றைக்கே எடுக்கும் படத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து, எல்லாரும் மறந்த பிறகு, உள்ளே இருந்து மயிரிழையாக ஒரு விரிசல் கிளம்பும்.

ஐந்தேகால் மணிக்குப் பெட்டியில் கைவிட்டபோது ராடு ஜில்லென்று இருந்தது. பதினேழுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தார். பெட்டியின் பிளக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவருடைய செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாடத்துக்கான குறிப்பு முழுவதும் போனில்தான். மத்தியானம் அதைச் செருகியவரும் அவரேதான்.

ஓவன் பட்டறையின் அந்தக் கோடியில். போய்ச் சூடான ராடு கேட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வர அரைமணி நேரம் ஆகும். இன்னும் ஆறே ஆறு ராடு வேலைதான் பாக்கி. 'ஆறுதானே' என்று நினைத்தார். முடித்தார். பக்கத்தில் பதினேழு என்று அச்சடித்தார். ஆறு மணிக்குச் சபையில் நின்று, வைக்கோலைப் பற்றி, இத்தனை வருஷங்களிலேயே மிக நன்றாகப் பேசினார்.

படம் சுத்தமாக வந்தது. திங்கட்கிழமை தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்ததிலும் ஒரு சொட்டு கசியவில்லை. செவ்வாய்க்கிழமை பாய்லர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலையில் மனைவி தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளா தட்டைப் பாத்து ஜெபம் மட்டும் பண்றீங்க. சாப்பிடக் காணோம். என்னன்னு சொல்லிட்டு எந்திரிங்க."

சொன்னார். அவள் இடையில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "நியாயாசனத்தைப் பத்திப் பேசப்போற அவசரத்துலயா?"

"அன்னிக்கு ராத்திரியே மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்றார்.

"ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு. அந்த இரும்பு மன்னிக்குமா?"

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"எங்கிட்ட சொன்னது ஒத்திகையா இருக்கட்டும்" என்று எழுந்தாள் அவள். "சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க."

பட்டறைக்குப் போனதும் நேராகப் பட்டாசின் அறை. பட்டாசு டீயை ஊதிக்கொண்டிருந்தார். பதினேழு நின்றபடியே சொல்லி முடித்தார். பட்டாசு கோப்பையைக் கீழே வைத்தார்.

"படம் சுத்தம். தண்ணி டெஸ்ட் பாஸ். பத்து மணிக்கு அங்க ஸ்டீம் ஏத்தப் போறாங்க. இப்ப வந்து பெட்டி ஆறிக் கிடந்துச்சுன்னா, நான் யாருகிட்டப் போய் என்னன்னு சொல்லுவேன்?"

"என் தப்புன்னு சொல்லுங்க சார்."

"உன் தப்பு! உன் தப்புன்னா பட்டறை தப்பில்லையா? ஊருக்கெல்லாம் உபதேசம், பெட்டிக்கு மட்டும் பிளக் இல்ல! போய்யா. ஆறு ராடுல உலகம் அழிஞ்சிடாது. போய் வேலையப் பாரு."

"ஒரு போன் மட்டும் போடுங்க சார். ஒருநாள் தள்ளிப் போடச் சொல்லி..."

"போடமாட்டேன்."

மணி ஒன்பது இருபது. வெளியே வந்தபோது மைத்துனன் வாசலில் நின்றிருந்தான். கேட்டிருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல்தடவையாக அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"மாமா, அந்தப் படத்துல கையெழுத்துப் போட்டவன் நானு."

"உம்மேல தப்பில்ல மாப்ள. நீ பாத்தப்ப அது இல்ல."

"இப்ப இருக்கும்ங்கிறீங்களா?"

"தெரியல."

"இரட்சிக்கப்பட்டவனுக்குத் தீர்ப்பே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு இப்படி வேத்துக் கொட்டுது?"

"தண்டனை இல்லன்னுதான்டா சொன்னேன். சோதனை இல்லன்னு எப்பச் சொன்னேன்?"

மைத்துனன் உள்ளே ஓடி, விரிசல் பார்க்கும் மருந்து டப்பாக்கள் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து வண்டியை உதைத்தான். "ஏறுங்க. பட்டாசு நம்ம ரெண்டு பேரையும் சேத்தே கொளுத்தட்டும்."

வழியெல்லாம் போக்குவரத்து. ஒரு சிக்னலில் நின்றபோது பதினேழு மைத்துனன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். "மாமா, தோள்பட்டை எனக்கு வேணும்" என்றான் அவன். அவருக்குக் காதில் ஏறவில்லை. அழுத்தத்தில் தகடு கிழிந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டடத்துக்குச் சுவர் மூன்றுதான் மிஞ்சியிருந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பாய்லர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கூடம். பெண்கள் துணிகளைப் பிரித்துப் போட்டபடி யாரையோ கேலி செய்து சிரிப்பது இங்கே கேட்டது. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரம்மா பர்னரை ஏற்கெனவே பற்றவைத்திருந்தார். அழுத்தமானியின் முள் இன்னும் பூஜ்யத்தை விட்டு எழவில்லை. தண்ணீர் மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது.

"அம்மா, அணைச்சிடுங்க!"

"யாரு நீங்க? பேப்பர் இருக்கா?"

"பேப்பர் இல்லீங்க. இந்த ஜாயிண்ட் போட்டது நானு."

ஆபரேட்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பேப்பர் இல்லாம அணைச்சா என் தலை உருளும். டிரைவரு, கான்ட்ராக்டரு, நேத்து வந்த பெரிய எஞ்சினியரு எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா இல்லைங்கிறேன்."

அந்தம்மா பர்னரை அணைத்தார். "போட்டவனே வந்து நல்லா இல்லைங்கிறத இந்தச் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்குறேன்" என்று முணுமுணுத்தபடி சலவைக்கூடத்துக் கதவைத் தட்டி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

சூடு வெளியேறாமல் மேலே சுற்றியிருந்த தகட்டையும் கம்பளியையும் பிரித்தார்கள். பதினேழு என்ற அச்சு அப்படியே இருந்தது. இரும்பு கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. மைத்துனன் துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்பு மருந்தை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிஷம்." விரிசல் இருந்தால் சிவப்பு அதற்குள் இறங்கும். பிறகு மேலே துடைத்துவிட்டு வெள்ளை மருந்தை அடித்தால், உள்ளே போனது வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பத்து நிமிஷம் பதினேழு சுவரில் சாய்ந்து நின்றார். ஜெபம் செய்ய நினைத்தார். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. விரிசல் இருக்கக்கூடாது என்று கேட்டால், இல்லாத பாம்பை அடிக்க ஓடிவந்த கோமாளி என்று நாளைக்குப் பட்டறையே சிரிக்கும். சட்டென்று, விரிசல் இருந்துவிட்டால் தேவலையே என்று மனசு ஒரு கணம் ஆசைப்பட்டது. பதினேழு சொன்னது சரி என்று ஆகிவிடுமே! அந்த ஆசையைக் கண்டு அவருக்கே உடம்பு கூசியது. சற்றுமுன் வரை சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் ஜனம் சிரித்துக்கொண்டிருந்தது. அவரோ இன்னும் தன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷா வருஷம் பேசினாரே, அந்த நாளைப் பற்றி! அது ஒரு பரிசளிப்பு விழா என்றே அவர் நினைத்திருந்தார். தான் முதல் வரிசை. நெருப்பு என்றால் மற்றவர்களுடைய வைக்கோலுக்கு வரும் நெருப்பு. ஜாயிண்ட் தாங்குகிறதா என்பதைத் தாண்டி, அதை எதற்காகப் போட்டாய் என்றும் அந்த நெருப்பு கேட்கும் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. சனிக்கிழமை ராடு ஈரமாகும் முன்பே வேறெதுவோ ஈரமாகிப் போயிருந்தது.

"நேரம் ஆச்சு" என்றான் மைத்துனன்.

சிவப்பைத் துடைத்தான். வெள்ளையை அடித்தான். மூன்று பேரும் குனிந்தார்கள். வெள்ளை காய்ந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஜாயிண்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. யாரோ ஊசியால் கீறியதுபோல் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு ஓடி நின்றது.

ஆபரேட்டரம்மா கேட்டார்: "இன்னிக்கே வெடிச்சிருக்குமா?"

"இன்னிக்குன்னு சொல்ல முடியாதும்மா. ஒரு மாசமோ ஒரு வருஷமோ... ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம" என்றான் மைத்துனன்.

சரிதான் என்ற சந்தோஷம் பதினேழுக்கு வரவில்லை. கருவிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனன் போனில் சொல்ல, ஒருமணி நேரத்தில் பட்டாசு வந்து சேர்ந்தார். கத்துவதற்கென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அந்த மூச்சை மெதுவாக விட்டார். கையை நீட்டினார்.

"அச்சைக் குடு."

பதினேழு பையிலிருந்து அந்த இரும்பு அச்சை எடுத்துக் கொடுத்தார்.

"மறுபடி வெல்டிங் டெஸ்ட்ல பாஸாகிற வரைக்கும் நீ ராடைத் தொடக்கூடாது. இதை வேற ஆளு வந்து போடுவான். தேய்ச்சு எடுக்கிற வேலைய மட்டும் நீ பாரு."

"சரிங்க சார்."

மைத்துனன் விரிசலின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி வட்டமிட்டான். "இவ்வளவு எடுத்தாப் போதும் மாமா. மிச்சம் சுத்தமா இருக்கு."

பதினேழு அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். வட்டத்தைத் தாண்டிப் போய், ஜாயிண்டைக் கையால் தடவி, ஓரிடத்தில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் வந்து இன்னொன்று கிழித்தார். இரண்டுக்கும் நடுவே முழுசாக ஒரு முழம் இருந்தது.

"இங்க ஆரம்பிச்சேன். இங்க முடிச்சேன். ஆறு ராடும் இதுக்குள்ள."

"அது நல்லாத்தானேய்யா இருக்கு?" என்றார் பட்டாசு. குரலில் வெடி இல்லை.

"உங்க கண்ணுக்கு நல்லா இருக்கு சார்."

ஆபரேட்டரம்மா கிரைண்டரின் ஒயரைச் செருகினார். பதினேழு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டி போட்டார். தான் போட்டதைத் தானே அழிப்பது எரிந்துபோனதில் சேருமா, தப்பியதில் சேருமா என்று அவருக்குத் தெரியவில்லை. போதகரைக் கேட்டாலும் தெரியுமோ என்னவோ. சக்கரம் சுழன்றது. விரிசல் இருந்த நடுவிலிருந்து தொடங்காமல், சுத்தமாக இருந்த ஓரத்தில் தான் கிழித்த கோட்டிலிருந்து அவர் தேய்க்க ஆரம்பித்தார்.